எல்லா வேலையும் தெரிந்த பையன்

2000ஆம் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்த நாட்களில், தஞ்சாவூர் காந்திஜி சாலைக் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவனுக்குப் பதவி என்று தனியாக எதுவும் கிடையாது. அசெம்பிள் செய்வது, விண்டோஸ் 98 போடுவது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு ரிப்பன் மாட்டுவது, டாலியில் கணக்கைத் தொடங்கிக் கொடுப்பது, கேபிள் இழுத்து நுனியில் கிரிம்ப் அடிப்பது எல்லாம் ஒருவன் தலையில்தான். நானும் அப்படி ஒருவன். அந்த வேலையை இன்றைக்கும் உயர்வாகத்தான் நினைக்கிறேன்.

எங்களோடு படித்தவர்களில் கெட்டிக்காரர்கள் என்று பேரெடுத்தவர்கள் கோபோல் என்ற நிரல்மொழி படிக்கப் போனார்கள். வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்த பழைய நிரல்களைத் திருத்த அமெரிக்காவில் ஆள் கேட்டார்கள். 2000 பிறந்தது, அந்த அவசரம் வடிந்தது. அடுத்து எம்சிஎஸ்இ அலை. அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்த வீடுகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் அதற்கான தேர்வுகளை 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அந்நாளில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இணைத்த நாவெல் நெட்வேர் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் விழிக்கிறார்கள்.

அவர்களில் நிலைத்து நின்றவர்களும் இருக்கிறார்கள். கோபோல் எழுதும்போதே ஒரு வங்கியில் நாள் முடிவில் கணக்கு எப்படிக் கட்டப்படுகிறது, வட்டி எந்த நேரத்தில் ஏறுகிறது என்று கற்றுக்கொண்டவர்களுக்கு வேலை போகவே இல்லை. மொழி மாறியது, இயந்திரம் மாறியது, வங்கிக் கணக்கின் போக்கு மாறவில்லை.

என்னை ஒரு பக்கம் திருப்பியது அம்மாபேட்டைப் பக்கத்து அரிசி மில் ஒன்று. பொங்கல் கழிந்து சம்பா நெல் வந்து குவியும் மாதங்களில் அங்கே அடிக்கடி போக வேண்டியிருக்கும். சிபியுவைத் திறந்தால் விசிறி இறக்கைகளில் தவிட்டுத் தூசி மாவு மாதிரி அப்பிக் கிடக்கும். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோயர் அடித்துத்தான் மற்ற வேலையைத் தொடங்க முடியும். பில்லிங் ஃபாக்ஸ்புரோவில் ஓடியது. கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டுவிட்டால் இன்டெக்ஸ் கோப்பு கெட்டுப்போகும். வெளியே லாரி நிற்கும். முதலாளி எழுந்து வருவார். "என்ன தம்பி, நேத்து ஏத்துன லோடு கணக்குலயே இல்லேங்குறான். எங்க போச்சு?"

ரீஇன்டெக்ஸ் கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். சில நாள் வராது. கடைசியில் எழுதிய வரிகள் குப்பையாக நிற்கும். எடைச்சீட்டுக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு குமாஸ்தாவும் நானும் ஒவ்வொன்றாக மறுபடி அடிப்போம்.

மற்ற வேலைகளை முடித்தால் மறந்துவிடுவேன். இது மட்டும் பஸ்ஸில் திரும்பும்போதும் மண்டையைக் குடைந்தது. கரண்ட் போன அந்த நொடியில் டிஸ்கில் என்ன நடந்தது? பாதி எழுதிய வரி என்ன ஆனது? தேடிப் படித்தபோது விடை கிடைத்தது. ஒழுங்கான டேட்டாபேஸ் தரவைத் தொடுமுன், தான் செய்யப்போவதைத் தனி ஏடு ஒன்றில் எழுதி டிஸ்கில் சேர்த்துவிடுகிறது. நடுவில் கரண்ட் போனால், மறுபடி எழுந்ததும் அந்த ஏட்டைப் படித்து, முடிந்த வேலையை நிலைநிறுத்துகிறது, முடியாததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இதை 2001இல் வந்த 7.1 பதிப்பில் கொண்டுவந்தது. படித்த அன்றே என் துறை இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் ஊரைவிட்டுக் கிளப்பியது தண்ணீர்தான். ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2002இல் செப்டம்பரிலும், 2003இல் அக்டோபரிலும்தான் திறந்தது. குறுவை போயிற்று. நெல் இல்லாத மில் புது கம்ப்யூட்டர் வாங்காது, பழையதைக்கூட ரிப்பேருக்குக் கொடுக்காது. காவிரி டெல்டாவில் எந்தக் கடையாக இருந்தாலும் கடைசியில் ஆற்றை நம்பித்தான் நடக்கிறது. சென்னைக்கு ரயில் ஏறினேன்.

அங்கே 2000 ஜூலையில் டைடல் பார்க் திறந்திருந்தார்கள். நேர்காணல்களில் முதல் கேள்வியே "உங்க ஏரியா என்ன?" என்பதுதான். சர்வருக்கு ஓர் அணி, நெட்வொர்க்குக்கு ஓர் அணி, டேட்டாபேஸுக்கு ஓர் அணி. எல்லாம் தெரியும் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் பேனாவை மூடிவிடுவார். ஒன்றை ஆழமாகக் கற்றவன் ஊரைவிட்டுத்தான் பிழைக்க முடியும், எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவன் ஊரோடு இருக்கலாம் என்பது அன்றைய நிலை.

இன்று அது தலைகீழ். டெல்டாவின் ஆஸ்பத்திரிகளிலும் காலேஜ்களிலும் மாடியறையில் ஏசி போட்டு வைத்திருந்த சர்வர்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. அமேசானின் ஏடபிள்யூஎஸ் தரவு மையங்கள் மும்பையில் 2016இல் வந்தன, ஹைதராபாத்தில் 2022இல் வந்தன. சர்வர் அங்கே போனதும் இங்கே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் வேலையில் பாதி போய்விட்டது. 2020 ஊரடங்குக்குப் பிறகு, ஒரு துறையில் ஆழமாக இறங்கியவர்கள் கும்பகோணத்திலும் திருவையாற்றிலும் வீட்டில் உட்கார்ந்தே வெளியூர்க் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கிறார்கள். மேலவஸ்தாசாவடியில் 55,000 சதுர அடியில் டைடல் நியோ பூங்காவும் 2024 செப்டம்பரில் திறந்தாயிற்று. அன்று ஊரைவிட்டுத் துரத்திய அதே ஆழம்தான் இன்று ஊரில் இருக்க வைக்கிறது. நான் திரும்பி வர முடிந்ததும் அதனால்தான்.

இப்போது என்னைத் தேடி வரும் பையன்கள் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, சப்போர்ட் வேலையில எல்லாத்தையும் பாக்குறேன். எதுல ஸ்பெஷலைஸ் பண்ணட்டும்? ஏடபிள்யூஎஸ்ஸா, குபர்னெட்டிஸா, ஏஐயா?" கேள்வியிலேயே பொருளின் பெயர் வந்துவிடுகிறது. அதுதான் எனக்குக் கவலை.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்து இருக்கிறது. ஜப்பானின் நோரின் 10ஐயும் நம் ஜிஇபி 24ஐயும் கலந்து 1960களில் அவர்கள் கொடுத்த ஏடிடி 27 ரகம் ஒரு காலத்தில் குறுவை வயல்களை நிறைத்தது. பிறகு 1980இல் ஏடிடி 36, 1998இல் ஏடிடி 43. பழைய ரகம் ஒதுங்கியபோது அங்கிருந்தவர்கள் வேலையற்றுப் போகவில்லை. அவர்களுடைய துறை நெல், ரகம் இல்லை. நம் தொழிலில் ஏடபிள்யூஎஸ் ஒரு ரகம், குபர்னெட்டிஸ் ஒரு ரகம். தரவு அழியாமல் காப்பது, திருட்டு நுழையாமல் தடுப்பது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் விழாமல் நிறுத்துவது, இவைதான் நெல். இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அந்தந்தக் காலத்து ரகத்தை அதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டும். சான்றிதழ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், முதல் நேர்காணலின் கதவைத் திறக்க அது உதவும்.

எதைப் பிடிப்பது என்று தெரியாவிட்டால், சரிசெய்து முடித்த பிறகும் எந்தக் கோளாறு உங்களை விடவில்லை என்று பாருங்கள்.

எல்லா வேலையும் பார்த்த வருஷங்கள் வீண் என்று நினைக்க வேண்டாம். டேட்டாபேஸ் மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிடுவார்கள்; காரணம் நெட்வொர்க்கில் இருக்கும், டிஸ்கில் இருக்கும், நள்ளிரவில் ஓடும் ஆன்டிவைரஸில் இருக்கும். நேராக டேட்டாபேஸுக்கு வந்தவர் தன் அறைக்குள்ளேயே தேடுவார். கேபிள் கிரிம்ப் அடித்தவன் கதவைத் திறந்து வெளியே போய்ப் பார்ப்பான்.

ஊரிலேயே இருந்து எல்லா வேலையும் பார்ப்பேன் என்பவர்களுக்கும் வழி உண்டு. ஆனால் சம்பளத்துக்கு வேண்டாம். நாலு மில், இரண்டு ஆஸ்பத்திரி என்று ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பிடித்துச் சொந்தமாக நடத்துங்கள். அது தொழில், அதில் மரியாதை உண்டு. பத்து வருஷம் கழித்தும் அதே சம்பளத்தில் பிரிண்டர் பார்ப்பவராக நிற்பதுதான் வேண்டாம் என்கிறேன்.

மற்றவர்கள் இருக்கிற வேலையை அவசரப்பட்டு விட வேண்டாம். உங்கள் ஆபீஸில் யாரும் தொடாத வேலை ஒன்று கிடக்கும், அனேகமாக அது பேக்கப்பாக இருக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு கம்ப்யூட்டரில், அந்த பேக்கப்பிலிருந்து மொத்தக் கணக்கையும் மீட்டெடுத்துப் பாருங்கள். டெல்டாவில் நான் பார்த்த ஆபீஸ்களில் பலவற்றில் அதை இதுவரை ஒருவரும் செய்து பார்த்ததில்லை.