பரோட்டாவும் நேர்காணலும்: சங்கராபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நேர்காணல் என்பது வேலை தருபவரும் வேலை கேட்பவரும் எதிரெதிரே இருந்து, வேலையைத் தவிர மற்றவற்றைப் பேசித் தீர்க்கும் சடங்கு. சங்கராபுரம் கடைத்தெருவில் இது ‘ஆட்கள் தேவை’ அட்டையில் தொடங்கிக் கல்லாப்பெட்டி ஓரத்தில் முடிகிறது. கேள்விகள் நான்கு: ‘எந்த ஊரு?’, ‘யாரு வூட்டுப் புள்ள?’, ‘முன்ன எங்க இருந்த?’, ‘அங்க ஏன் நின்னுட்ட?’ முதல் கேள்விக்குக் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலை என்று பதில் வந்தால், கடைசி பஸ் பற்றிய துணைக்கேள்வி ஒன்று பிறக்கும். முடிவு இரண்டாவதிலேயே ஆகிவிடுகிறது, மூன்றாவது மரியாதைக்கு. நான்காவதற்கு உண்மையான பதில் சம்பளம். சொல்லப்படும் பதில் ‘வூட்ல சூழ்நிலை சரியில்ல.’ இரு தரப்புக்கும் இது தெரியுமாதலால் பொய் என்ற வகையில் சேர்க்க இயலாது.

இதைச் சிற்றூர் வழக்கம் என்று ஒதுக்குவது பிழை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் மாணவர் சேர்க்கைக்கான 150 மதிப்பெண்ணில் 50 நேர்காணலுக்கு இருந்தது. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். கேட்டதெல்லாம் பெற்றோர் யார், வீடு எங்கே என்பது போன்றவை. சங்கராபுரத்தின் முதலிரு கேள்விகள் காஷ்மீர் வரை பரவியிருந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இதை எதிர்த்து எழுந்த அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம், மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே எடுத்துவிட்டது.

கடைத்தெருவில் விதிவிலக்கு பரோட்டா மாஸ்டர். ‘நாலு போட்டுக் காட்டு’ என்பதோடு தேர்வு முடிகிறது. வீசும்போது மாவு கிழிந்தால் தாத்தா பெயரைச் சொல்லி ஒட்ட முடியாது. ஆய்வாளர்கள் ஷ்மிட்டும் ஹண்டரும் ஆள்தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளை 1998இல் தொகுத்தபோது, வேலைத்திறனை முன்கூட்டிக் கணிப்பதில் செய்துகாட்டும் தேர்வு 0.54 பெற்றது, வழக்கமான நேர்காணல் 0.38. சுழியம் என்றால் பூவா தலையா, ஒன்று என்றால் ஞானதிருஷ்டி. 2022இல் சாக்கெட் குழு மறுபடி கணக்கிட்டதில் பரோட்டா 0.33க்கும் நேர்காணல் 0.19க்கும் இறங்கின. எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டு, முன்பே வகுத்த அளவில் மதிப்பெண் போடும் நேர்காணல் மட்டும் 0.42 பெற்று முதலிடம் பிடித்தது. அத்தகைய நேர்காணல் கல்லாப்பெட்டி ஓரத்தில் நடந்ததற்குத் தடயம் இல்லை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக்கிழங்குக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஆலையில் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்து விலை போடுகிறார்கள். எந்த மலை, யாரு காடு என்ற விசாரணை இல்லை. தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி கிழங்கை யாரும் கேட்பதுமில்லை.

முடிவை அறிவிக்கும் முறை இருவகை. ‘நாளையிலேருந்து வா’ என்பது நியமன ஆணை. ஊதியம் அதில் குறிக்கப்படாது. ‘சொல்லி அனுப்புறோம்’ என்பது வடிவத்தால் வினைமுற்று. ஆனால் எக்காலத்திலும் நிகழாத வினையைக் குறிக்கும். இலக்கண நூலார் இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.