மேயர் இல்லாத ஊரில் யாரைத் திட்டுவது?

இந்த வாரம் புதுச்சேரியிலிருந்து கேள்விகள் கட்டுக்கட்டாக வந்திருக்கின்றன. ‘பேரைப் போட்டுடாதீங்க, கடை நடத்தணும்’ என்று பலரும் கீழே எழுதியிருப்பதால் தொழிலும் இடமும் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஓட்டல்காரர், மிஷன் வீதி

கே: கடை வாசலில் சாக்கடை பொங்கி வழிகிறது. சுற்றுலா வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள். யாரிடம் முறையிடுவது?

ப: நகராட்சியில் சொன்னால் பொதுப்பணித் துறையைக் கைகாட்டுவார்கள். பொதுப்பணித் துறையில் ‘அந்தத் தெரு ஸ்மார்ட் சிட்டியில வருது’ என்பார்கள். எம்.எல்.ஏ.விடம் போனால், ‘நான் அப்பவே எழுதிக் குடுத்துட்டேன், ஃபைல் கவர்னர் மாளிகையில தூங்குது’ என்பார். சரி, கவர்னர் மாளிகை வாசலிலேயே போய் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றும். 2019 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் நாராயணசாமியே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டார். எதிர்க்கடைக்காரரோடு சமாதானமாகப் போவதுதான் சிக்கனம். சாக்கடை அவர் பக்கம் திரும்புகிற நாளும் வரும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை

கே: நம்ம ஊரில் கவுன்சிலர் தேர்தல் நடந்தது என்று சொன்னால் என் பேரன் நம்ப மறுக்கிறான். ஆதாரம் தர முடியுமா?

ப: பேரனுக்கு என்ன வயது? இருபதுக்குள் என்றால் அவன் சந்தேகம் நியாயமானது. கடைசியாக நடந்தது 2006-இல். அதற்கு முந்தைய தேர்தல் 1968-இல். நடுவில் 38 வருஷம். கும்பகோணத்து மகாமகம்கூட அதற்குள் மூன்று தடவை வந்துபோய்விடும். 2006-இல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அப்புறம் 2021-இல் தேதிவரை அறிவித்தார்கள். வேட்பாளர்கள் வேட்டிக்குக் கஞ்சி போட்டுத் தயாராக இருந்தபோது இட ஒதுக்கீட்டுச் சிக்கல் நீதிமன்றம் போய், வேட்டி பெட்டிக்குத் திரும்பியது.

ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த நகராட்சித் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்கிறது. இத்தனைக்கும் பிரெஞ்சுக்காரன் 1880-இலேயே கொம்யூன் பிரித்து, மேயர் வைத்து, தேர்தல் நடத்திய மண் இது. தடியும் கள்ள ஓட்டும் கலந்த தேர்தல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஓட்டுப்பெட்டி என்று ஒன்று இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காவது.

சுற்றுலா வழிகாட்டி, கடற்கரைச் சாலை

கே: மேரி என்கிற பழைய நகர மண்டபத்தைக் காட்டினால் வெளியூர்க்காரர்கள் ‘உள்ளே மேயர் இருக்காரா?’ என்று கேட்கிறார்கள். என்ன சொல்லிச் சமாளிக்க?

ப: ‘வெளியே போயிருக்கார்’ என்று சொல்லுங்கள், பொய்யில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம் அது. 2014 நவம்பர் மழையில் பொலபொலவென்று சரிந்தது. உலக வங்கிக் கடன் வாங்கி, பழைய அச்சிலேயே திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தார். சரிந்த கட்டடத்தை ஏழு வருஷத்துக்குள் நிமிர்த்தியாயிற்று. சரிந்த நகர்மன்றத்தை நிமிர்த்தக் கடன் கொடுக்க எந்த வங்கியும் இல்லை.

டீக்கடைக்காரர், நெல்லித்தோப்பு

கே: கவுன்சிலர் தேர்தல் வந்தால் நல்லதுதானே? ஏன் எந்தக் கட்சியும் மனசார அவசரப்படவில்லை?

ப: உங்கள் கடைப் பெஞ்சிலேயே இதற்குப் பதில் கிடைக்கும், என்றாலும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். யூனியன் பிரதேசம் முழுக்கச் சுமார் பத்து லட்சம் வாக்காளர்கள். சட்டமன்றத் தொகுதிகள் 30. ஆக, ஒரு எம்.எல்.ஏ.வுக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் பேர். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சராசரியாக இரண்டு லட்சத்துக்கும் மேல். சென்னை எம்.எல்.ஏ.வுக்குத் தன் தொகுதியில் எத்தனை தெரு என்று தெரியாது. புதுச்சேரி எம்.எல்.ஏ.வுக்கு எந்த வீட்டில் யாருக்குக் காதுகுத்து என்பதுவரை தெரியும். தெருவிளக்கு, குப்பைத் தொட்டி, முதியோர் பென்ஷன், சாவு வீட்டு மாலை எல்லாம் அவரே. இப்படி ஆளுகிற இடத்துக்குள் எட்டுப் பத்துக் கவுன்சிலர்களை விட்டால் என்ன ஆகும்? தெருவிளக்கைப் போட்டது யார் என்று அடுத்த தேர்தலில் சண்டை வரும். ஜெயித்த கவுன்சிலர் அதற்கடுத்த தேர்தலில் எம்.எல்.ஏ. சீட்டே கேட்பார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாமலே ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

எம்.எல்.ஏ. நல்லவரா கெட்டவரா என்பதல்ல என் வருத்தம். அவர் தெருவிளக்குக்கு ஓடிக்கொண்டிருந்தால், சட்டமன்றத்தில் துறைமுகத்தைப் பற்றியும் மின்கட்டணத்தைப் பற்றியும் யார் பேசுவது?

சுண்டல் வண்டிக்காரம்மா, குருசுக்குப்பம்

கே: ஐயா, சனி ஞாயிறுதான் நாலு காசு பார்க்கிற நாள். அன்றைக்கென்று பார்த்து ‘வண்டியை எடு’ என்கிறார்கள். எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனால் ‘இங்க ஏன் கொண்டாந்த’ என்கிறார்கள்.

ப: அம்மா, உங்களுக்கென்றே 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. ஊரிலுள்ள தெரு வியாபாரிகள் எல்லாரையும் கணக்கெடுக்க வேண்டும், கணக்கில் வந்தவர்களுக்குச் சான்று கொடுக்க வேண்டும், அதெல்லாம் முடியும்வரை யாரையும் விரட்டக் கூடாது. இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எந்தத் தெருவில் விற்கலாம் என்று முடிவு செய்கிற குழுவில் பத்தில் நாலு பேராவது தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்த நாலு பேரையும் நீங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சட்டப்படி பார்த்தால் மிஷன் வீதி முதலாளிக்கு இல்லாத ஓட்டு சுண்டல் வண்டிக்கு இருக்கிறது!

அடுத்த தடவை சங்கத்தோடு போய், குழு எங்கே, கணக்கெடுப்பு எங்கே, என் சான்று எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். சட்டத்தின் நகல் ஒன்றை வண்டிக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் அதிலேயே சுண்டலை மடித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

துணிக்கடை முதலாளி, நேரு வீதி

கே: சண்டே மார்க்கெட்டால் எங்கள் வியாபாரமே படுத்துவிட்டது. வரி கட்டுவது நாங்கள், விற்பது அவர்களா?

ப: சண்டே மார்க்கெட் முளைத்ததே ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன நடைபாதையில்தான். மூடிய கடையில் வியாபாரம் படுக்காமல் எழுந்தா உட்காரும்? வரி கட்டுகிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அந்த வரியில் உங்கள் கடைப் படிக்கட்டு ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்றடிக்கும் சேர்த்துக் கட்டுகிறீர்களா?

காய்கறி வியாபாரி, பெரிய மார்க்கெட்

கே: மார்க்கெட்டை இடித்துப் புதுசாகக் கட்டித் தருகிறோம், அதுவரை ஏ.எஃப்.டி. மைதானத்துக்குப் போங்கள் என்றார்கள். போனால் திரும்ப விடுவார்களா?

ப: உங்கள் பயத்தைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். தற்காலிகம் என்ற சொல்லை நம்பிப் போனவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. ஒரேயடியாக இடிக்காமல் பகுதி பகுதியாகக் கட்டுங்கள் என்று உங்கள் வியாபாரிகள் சொன்னது நியாயமான கோரிக்கை. யார் கடை எத்தனை அடி, எந்த வரிசை, வாடகை எவ்வளவு, எப்போது சாவி என்று கையெழுத்தோடு ஒரு காகிதம் இல்லாமல் கூடையைத் தூக்காதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மார்க்கெட் சந்துக்குள் மழை நாளில் நான் நடந்திருக்கிறேன். மீன் தண்ணீர், அழுகிய கோஸ், தலைக்கு மேலே தொங்கும் ஒயர். இடிக்கவே கூடாது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அங்கே காய் வாங்குகிறவர்கள் இல்லை, போட்டோ எடுக்கிறவர்கள்.

மீனவர், வைத்திக்குப்பம்

கே: பீச் பார்க்க லட்சக்கணக்கில் வருகிறார்கள். பீச் எங்கே என்று எங்களைக் கேட்டால் எங்கே கைகாட்டுவது?

ப: தெற்கே கைகாட்டுங்கள். உங்கள் மணல் துறைமுகத்துக்குத் தெற்கே தங்கிவிட்டது. நம்ம கிழக்குக் கரையில் மணல் வருஷம் முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகருகிறது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றுவிட்டது. வடக்கே இருந்ததைக் கடல் எடுத்துக்கொண்டு போயிற்று, திரும்பத் தர வழியில்லை. சேர்ந்த மணலை வாரி வடக்குப் பக்கம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்தோடு சேர்ந்தே வந்த நிபந்தனை. சுவர் கட்டுவதற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மணல் வாருவதற்கு என்ன உண்டு? அதனால் அதை ஒழுங்காகச் செய்யவில்லை.

கரை போக ஆரம்பித்ததும் கருங்கல்லைக் கொட்டினார்கள். கொட்டிய கல்லுக்கு ‘ராக் பீச்’ என்று பெயர் வைத்துச் சுற்றுலாத் தலமாக்கியது நம் சாமர்த்தியம். நகரத்துக்குக் கல் போட்டதும் அரிப்பு நின்றதா? இன்னும் வடக்கே நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் போய் வீடுகளைத் தின்றது. அந்த மீனவர்கள் புதுச்சேரியில் மனு கொடுத்தால் ‘நீங்க விழுப்புரம் மாவட்டம்’ என்பார்கள். மணல் மாநில எல்லை பார்த்து நகருவதில்லை, மனு மட்டும் பார்க்கிறது.

2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்குக் கிட்டே கடலுக்குள் ஒரு பெரிய எஃகுத் தடுப்பை இறக்கியது. அதற்குப் பலனும் தெரிந்தது, கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. குழந்தைகள் கால் நனைத்தார்கள். தலைமைச் செயலகத்து வாசலுக்கு வந்த மணல் வைத்திக்குப்பத்துக்கும் வரும் என்று நம்புவோம். வலை இழுக்கவும் படகு ஏற்றவும் மணல் வேண்டிய நீங்கள் கடைசியில் நிற்க, சுண்டல் தின்கிறவர்களுக்கு முதலில் மணல் கிடைத்திருக்கிறது என்பதுதான் கொடுமை.

குடும்பத் தலைவி, ரெட்டியார்பாளையம்

கே: பக்கத்தில் ரெஸ்டோ பார் வந்த நாளிலிருந்து பிள்ளைகள் படிக்க முடியவில்லை. ராத்திரி எவ்வளவு சத்தம் வரலாம் என்று சட்டம் உண்டா?

ப: உண்டு. 2000-ஆம் ஆண்டு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறுவரை 45 டெசிபல். வீட்டுக்காரர் குறட்டையே அதைத் தாண்டும். போலீசுக்குப் போன் செய்யுங்கள், நேரத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள், நாலு வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பார்க்காரரை மட்டும் திட்டாதீர்கள். உரிமம் கொடுத்தவர், அங்கே பள்ளிக்கூடம் எத்தனை அடி, கோயில் எத்தனை அடி, வீடு எத்தனை அடி என்று டேப் பிடித்தாரா என்று கேளுங்கள். கலால் வரியை நம்பி வாழ்கிற அரசுக்கு டேப் பிடிக்கும்போது கை நடுங்கும்.

பலகாரக்கடைக்காரர், முத்தியால்பேட்டை

கே: நாம் மாநிலமா, யூனியன் பிரதேசமா? எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது.

ப: பில் போடும்போது மாநிலம்: உங்கள் ரசீதில் எஸ்.ஜி.எஸ்.டி. என்றுதான் இருக்கும், பாருங்கள். டெல்லியில் நிதிக்குழு பங்கு பிரிக்கும்போது யூனியன் பிரதேசம், அதனால் பந்தியில் இலை கிடையாது. சட்டமன்றத்துக்கு 30 பேரை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், 3 பேரை டெல்லி நியமிக்கிறது, அவர்களுக்கும் ஓட்டு உண்டு. குழப்பம் உங்களுக்கு மட்டுமில்லை.

ஆட்டோ ஓட்டுநர், பேருந்து நிலையம்

கே: வாடகை ஸ்கூட்டர்க்காரர்கள் எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள். வருகிறவன் எல்லாம் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

ப: கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இல்லாமல் வாடகைக்கு ஓடுகிற வண்டியைப் பற்றிப் புகார் கொடுங்கள், அது சட்டவிரோதம், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பாக்கி வண்டிகளை ஒழிக்க ஒரு கருவி உங்கள் ஆட்டோவிலேயே, ஸ்டியரிங்குக்கு இடது பக்கத்தில் தூசி படிந்து கிடக்கிறது. அதன் பெயர் மீட்டர்.

கைவினைப் பொருள் கடைக்காரர், கடற்கரைச் சாலை

கே: சொகுசுக் கப்பல் வந்தால் வியாபாரம் பெருகுமா, கலாசாரம் கெடுமா?

ப: 2022-இல் கலாசாரம் கெடும் என்று அனுமதி கொடுக்கவில்லை. 2025-இல் அனுமதி கொடுத்தார்கள். நடுவில் மூன்று வருஷத்தில் கலாசாரம் நன்றாக உடம்பு தேறிவிட்டது போல. வியாபாரத்தைக் கேட்டால், கப்பலில் வருகிறவர் சாப்பாடு, படுக்கை, பாட்டு எல்லாவற்றுக்கும் கப்பலிலேயே பணம் கட்டிவிட்டு வருகிறவர். ஊரில் அவருக்கு வேண்டியது ஒரு குல்லாவும் ஒரு கழிப்பறையும். குல்லா உங்களிடம் இருக்கிறது.

மளிகைக்கடைக்காரர், முதலியார்பேட்டை

கே: பந்த் என்றால் யார் நடத்துகிறார்கள் என்றுகூடக் கேட்காமல் கடையை மூடிவிடுகிறோமே, சரியா?

ப: கேட்டுவிட்டு மூடுங்கள். சில சமயம் உங்களுக்காகவே நடத்துவார்கள்.

விடுதி நடத்துபவர், ஒயிட் டவுன்

கே: வாடிக்கையாளர் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘ராத்திரி முழுக்க அலைச் சத்தம், தூங்க முடியவில்லை’ என்று எழுதியிருக்கிறார். எப்படிப் பதில் போடுவது?

ப: ‘வருந்துகிறோம். கடலுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்திருக்கிறோம். திருந்தாவிட்டால் உரிமம் ரத்து’ என்று போடுங்கள்.