சட்டியும் சம்பந்தியும்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒஹையோ மாநிலத்தில் மகள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், ஓர் அமெரிக்கச் சிப்பாயின் அடையாளத்தில் ஒரு பகுதி அழிந்துபோனது. அழித்த ஆயுதம் கம்பி நார். அழித்தவர் மாப்பிள்ளையின் அம்மா. ஆகவே வழக்கு எதுவும் பதிவாகவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதுகிறவர் (இனி நம்மவர்) இன்னும் அந்த ஆற்றாமையிலிருந்து மீளவில்லை. பழைய போர்க்கால ஹெல்மெட் ஒன்று கைக்கு வந்தால் அதன் முதல் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மூன்றே படிகளில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார். படிகள் வரும். நடுவில் சம்பந்தியம்மா வருவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம்மவர் பொறுத்துக்கொண்டதைப் போல.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் சனிக்கிழமைச் சந்தையில் அறுபது டாலருக்கு ஒரு ஹெல்மெட் வாங்கினார். வாங்கி வந்த வேகத்தில் மனைவி விலையை ரூபாயாக மாற்றி, “ஐயாயிரம் ரூபாய்க்குத் துருப்பிடிச்ச சட்டியா?” என்றார்.

சட்டி என்றதில் தப்பில்லை. அமெரிக்கச் சிப்பாய்களே அதை ‘ஸ்டீல் பாட்’ என்றுதான் சொன்னார்கள். 1941-இல் வந்த எம்1 ரக ஹெல்மெட் அது. வெளியே மாங்கனீசு எஃகுக் கூடு, உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கிற லைனர். லைனரைக் கழற்றிவிட்டால் மிச்சம் பாத்திரம்தான். அதில் முகம் கழுவினார்கள், சவரம் செய்தார்கள், சாக்ஸ் அலசினார்கள். நெருப்பில் வைத்தால் எஃகின் உறுதி போய்விடும் என்று மேலிடம் எச்சரித்த பிறகும் அதிலேயே வெந்நீர் போட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 2 கோடிக்கும் மேல் செய்து தள்ளினார்கள். பெரும்பகுதி டெட்ராய்ட்டில் ரேடியேட்டர் செய்துகொண்டிருந்த மெக்கார்ட் கம்பெனி. மிச்சம் செயின்ட் லூயிஸ் நகரத்து ஷ்லூட்டர் கம்பெனி.

முதல் படி: உள்பக்கம், முன்விளிம்பை ஒட்டி அச்சாகியிருக்கும் குறியைப் பார்ப்பது. நம்மவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ‘எஸ்’ என்று ஓர் எழுத்து, கீழே ஓர் எண். இரண்டு நாள் தூக்கம் இல்லை. ஸ்மித்தா, ஸல்லிவனா, ஸ்டீவன்ஸா என்று பேத்தியின் நோட்டில் பட்டியல் எழுதினார். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, ‘எஸ்’ என்பது ஷ்லூட்டர். எண் என்பது எஃகு எந்த வார்ப்பில் உருகியது என்பதற்கான கணக்கு. அரிசி மூட்டையில் மில்லின் முத்திரையைப் பார்த்துவிட்டு, பொங்கல் வைத்தவர் பெயர் கிடைத்துவிட்டது என்று குதித்த கதை.

இரண்டாம் படியில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் துணிமணி, பை, சில சமயம் ஹெல்மெட்டின் உட்புறம் எல்லாவற்றிலும் ஒரு சலவைக்குறி போட்டார்கள். குடும்பப் பெயரின் முதல் எழுத்து, அதன் பின்னால் படை எண்ணின் கடைசி நாலு இலக்கம். அவ்வளவுதான். நம்மவரின் சட்டிக்குள் வெள்ளைப் பெயின்டில் ‘எம்’ இருந்தது, 4 இருந்தது, 2 இருந்தது, கடைசியில் 3 இருந்தது. மூன்றாவது இலக்கம் மட்டும் 1-ஆ 7-ஆ என்று பிடிபடவில்லை. நாளைக் காலை நல்ல வெளிச்சத்தில் பார்ப்போம் என்று கொல்லைப்புறப் படியில் கவிழ்த்து வைத்தார். அதற்கு முன் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு முப்பது நாற்பது படம் எடுத்துக்கொண்டார். உட்புறத்தை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

மறுநாள் காலை அது பாத்திரங்களோடு பாத்திரமாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

“சம்பந்தி, பின்னாடி துருவேறி ஒரு சட்டி கெடந்துச்சு. தேய்ச்சுக் கவுத்து வச்சிருக்கேன். நல்ல கனமான சட்டிங்க. ஆனா காது ரெண்டும் பொடிசா வச்சிருக்கான், புடிக்கறதுக்கு வாகா இல்ல.”

தாடைப்பட்டை கோக்கிற வளையங்களைத்தான் காது என்கிறார். வெளிப்புறம் மினுங்கக் கூடாது என்று பெயின்டோடு சேர்த்து அப்பியிருந்த கார்க் தூள் பாதி போய்விட்டது. உள்ளே ‘எம்’ பிழைத்தது, 4 பிழைத்தது, 3 பிழைத்தது. 2 மங்கலாக இருந்தது. 1-ஆ 7-ஆ என்ற கேள்விக்கே இடமில்லாமல் அந்த இடம் பளபளவென்று இருந்தது.

வேறு யாராவது செய்திருந்தால் நம்மவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். சம்பந்தியிடம் என்ன சொல்ல முடியும்? “எதுக்குங்க உங்களுக்கு வீண் சிரமம்” என்றார். “இதுல என்ன சிரமம், இன்னொண்ணு இருந்தாலும் குடுங்க” என்றார் அந்த அம்மாள்.

அந்தச் சிரமத்தின் அளவைக் கணக்காகவே போட்டுவிடலாம். அமெரிக்க ஆவணக்காப்பகம் இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்த ஏறக்குறைய 90 லட்சம் பேரின் பதிவுகளை, துளையிட்ட பழைய அட்டைகளின் மைக்ரோபிலிமிலிருந்து எடுத்து, யார் வேண்டுமானாலும் தேடும்படி வைத்திருக்கிறது. நாலு இலக்கத்துக்குப் 10,000 சேர்க்கைகள். ஆக ஒவ்வொரு நாலு இலக்கத்துக்கும் சுமார் 900 பேர். ‘எம்’மில் தொடங்கும் குடும்பப் பெயர் அங்கே பத்தில் ஒன்று என்று வைத்தால், 90 பேர். தொண்ணூறு பேரையும் உட்கார்ந்து பார்த்துவிடலாம். ஆறு மாத விசாவில் வேறென்ன வேலை? ஓர் இலக்கம் 1-ஆ 7-ஆ என்று தெரியாமலே போனதும் 90 பேர் 180 பேர் ஆனார்கள். சட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் ‘எம்’ ‘டபிள்யூ’ ஆகிறது என்று பேத்தி சுட்டிக்காட்டிய பிறகு நம்மவர் எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. அந்தப் படை எண்ணில் சங்கதி எல்லாம் முன்பாதியில்தான் இருந்தது. 1-இல் தொடங்கினால் தானே விரும்பிச் சேர்ந்தவர். 3-இல் தொடங்கினால் கட்டாயமாக அழைக்கப்பட்டவர். இரண்டாவது இலக்கம் வட்டாரம்: 35 என்றால் ஒஹையோ, இந்தியானா, கென்டக்கி, மேற்கு வர்ஜீனியாப் பக்கம். ஊர் சொல்லும் பாதியை விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாத பாதியைச் சட்டியில் எழுதிய ராணுவத்தை என்னவென்பது?

நம் ஊரில் இப்படி நடக்குமா? சலவைக்காரர் சேராங்கொட்டைச் சாற்றில் போட்ட குறி, வேட்டி கிழிந்து கரித்துணி ஆன பிறகும் போகாது. பாத்திரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடையில் பாத்திரத்தை எடுத்ததும் விலைகூடப் பேசுவதற்கு முன், “பேரு வெட்டித் தருவீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. மூலையில் ஒருவர் சர்ரென்று இரையும் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். அதற்கு முந்தைய காலத்தில் சிற்றுளியும் சுத்தியும். ஒவ்வொரு எழுத்தும் புள்ளி புள்ளியாகக் கோலம் மாதிரி விழும். கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், ஊர், தேதி. செட்டிநாட்டில் குடும்ப விலாசத்தையே எழுத்துகளாக வெட்டிவைத்தார்கள்; வழி தவறிய அண்டாவும் வீடு திரும்பிவிடும். காது குத்துக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று, புதுமனைப் புகுவிழாவுக்கு ஒரு டஜன். இடம் போதாவிட்டால் அடிப்பாகத்தில் தொடரும். ‘அன்பளிப்பு’ என்ற சொல்லில் ‘ளி’யா ‘லி’யா என்று வெட்டுகிறவருக்குச் சந்தேகம் வந்தால் புள்ளியைக் கொஞ்சம் கலைத்து இரண்டுக்கும் பொதுவாக முடித்துவிடுவார். கைப்பிடிச் சுவரில் காயும் அரை லிட்டர் செம்பைப் பார்த்தால், தாத்தா பெயர், பாட்டி பெயர், திருமணத் தேதி, முகூர்த்தம் எந்த ஊரில் என்பது வரை படித்துவிடலாம். கரண்டியில்கூட வெட்டுவோம். கரண்டிக் காம்பில் எட்டு எழுத்துப் பெயரை வெட்டிவிட்டு, கடைசி எழுத்தை வளைத்துக் குழியின் விளிம்பில் முடித்த கலைஞரை நம்மவருக்குத் தெரியும். எவனோ சுடுவான் என்று தெரிந்து தலையில் மாட்டுகிற எஃகில் ஓர் எழுத்தும் நாலு எண்ணும். எவளோ இரவல் வாங்கிப் போவாள் என்று தெரிந்து வாங்குகிற எவர்சில்வரில் முழு வம்சாவளி!

ஒரே ஒரு காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்கும் இந்தப் பாத்திரக்கடைப் புத்தி இருந்தது. 1941 கடைசியிலிருந்து 1943 ஜூலை வரை சிப்பாயின் கழுத்துத் தகட்டில் அவர் பெயரோடு, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டுமோ அவருடைய பெயரும் வீட்டு விலாசமும் பொறித்திருந்தார்கள். அப்புறம் அதையும் எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் படி: கோப்பு. 90 பேரில் ஒருவரைப் பிடித்துவிட்டால் அவருடைய பணிக்கோப்பைக் கேட்கலாம். அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எங்கே போனார் என்று ஹெல்மெட்டோடு பொருத்திப் பார்க்கலாம். கோப்புகள் செயின்ட் லூயிஸ் புறநகரில் ஒரு பெரிய கட்டடத்தில் இருந்தன. 1973 ஜூலை 12 அன்று நள்ளிரவு தாண்டியதும் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. கோப்புகள் இருந்த மாடிகளில் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு கிடையாது. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி கோப்புகள் வரை அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களில் 80 சதவீதம் பேரின் கோப்புகள் போயின. நகல் இல்லை, மைக்ரோபிலிம் இல்லை, என்னென்ன எரிந்தது என்று சொல்ல ஓர் அட்டவணைகூட இல்லை. நனைந்தவற்றை வெற்றிட அறையில் வைத்து உலர்த்திக் காப்பாற்றியது வரை லாபம். பிரிட்டனும் சளைத்ததல்ல: 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் லண்டன் கிடங்கு எரிந்து, முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் சாம்பலாயின.

ஆக, சட்டி செய்த ஊர் செயின்ட் லூயிஸ். கோப்பு எரிந்த ஊரும் செயின்ட் லூயிஸ். துலக்கிய ஊர்தான் ஒஹையோ.

இத்தனைக்கும் அந்த ‘எம்’ போருக்குப் போனவராகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த ஹெல்மெட்டுகளைப் பழுது பார்த்து, மறுபடி பெயின்ட் அடித்து, கொரியாவிலும் வியட்நாமிலும் மாட்டினார்கள். 1980-களில்தான் ஓய்வு கொடுத்தார்கள். 1969 ஜூலையில் படை எண்ணையே எடுத்துவிட்டு சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கொண்டுவந்தார்கள். அந்த நாலு இலக்கம் அதனுடையதாகவும் இருக்கலாம். சந்தைக்காரரே போன வருஷம் எழுதியதாகவும் இருக்கலாம். பெயர் இருந்தால் விலை கூடும் என்பது அவருக்கும் தெரியும். இதையெல்லாம் மனைவி காதில் போடாமல் நம்மவர் பார்த்துக்கொள்கிறார்.

அன்று சாயங்காலம் காபி வந்தது. மகள் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பழைய டம்ளர். பக்கவாட்டில் ‘வி. கோ. 9.9.83’. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “இது யாரோடது?” என்று நம்மவர் கேட்டுவிட்டார்.

“எங்க பெரியக்கா வீட்டு கிரகப்பிரவேசத்துல குடுத்தது” என்றார் மனைவி.

“இல்லைங்க சம்பந்தி.” அந்த அம்மாள் டம்ளரை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். “இது எங்க நாத்தனார் வச்சுக்குடுத்தது. கல்யாணச் சீரோட எங்க வீட்டுலேர்ந்து வந்துருக்கு. ‘கோ’வுக்குப் பக்கத்துல ஒரு கோடு இழுத்திருக்கு பாருங்க. அன்னிக்குப் பாதி பேரு வெட்டறப்ப கடையில கரண்ட் போயிருச்சு. கரண்ட் வர்ற வரைக்கும் எதிர்க்கடையில கலர் வாங்கிக் குடிச்சோம். நாத்தனாருக்கு ஆரஞ்சு, எனக்குப் பன்னீர் சோடா.”

மனைவி டம்ளரை வாங்கிப் பார்த்தார். கோடு இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஆவணக்காப்பகம் இல்லை, அட்டவணை இல்லை, லென்ஸ் இல்லை. காபி ஆறுவதற்குள் தீர்ப்பு.

சம்பந்தியம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலோரம் மினுங்கிக்கொண்டிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார்.

“சம்பந்தி, அந்தச் சட்டியில உள்ளாற ஏதோ கிறுக்கியிருந்துச்சே தவிர பேரு வெட்டலையே. ஊருக்குக் கொண்டுபோனதும் மொதல் வேலையா வெட்டிடுங்க. அப்புறம் யாரோடதுன்னு தெரியாமப் போயிரும்.”