கல்லு ரோட்டுக்குக் காசு கட்டப் போற மருமவனுக்கு

மருமவனே, நீ மறுபடியும் சைக்கிள் மிதிக்கப் போறதா ஒங்கம்மா சொன்னா. நல்ல சேதின்னு நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மிச்சத்தையும் சொல்லிட்டா. ஓட்டுறது தார் ரோட்டுல இல்லையாம், கல்லு ரோட்டுலயாம். அதுக்குக் காசு வேற கட்டணுமாம். காசோட தயாரா நின்னாலும் குலுக்கல்ல பேரு விழுந்தாத்தான் எடமாம். நம்ம ஊருக்குத் தார் ரோடு வேணும்னு மனுவத் தூக்கிக்கிட்டு கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்தவரு ஒந்தாத்தா. ஜல்லியக் கொட்டிட்டுப் போன காண்ட்ராக்டரு வருசக்கணக்காத் திரும்பிப் பாக்காத ரோட்டுல நாங்க ஓசியிலயே ஓட்டுனோம். அதுக்குப் பேரு பந்தயம்னு அப்பமே தெரிஞ்சிருந்தா ஊரு எல்லையில ஒரு மேசையப் போட்டு டிக்கெட்டு கிழிச்சிருப்பேன். ஒங்கிட்ட மட்டும் டாலர்ல வாங்கியிருப்பேன்.

சரி, போறதுன்னு முடிவாயிருச்சு. வாடகை சைக்கிள் கடை வச்சு இந்தச் சுத்துப்பட்டிப் பிள்ளைக அத்தன பேருக்கும் குரங்குப் பெடல் பழக்கிவிட்டவன் நான். புத்தி சொல்ல எனக்கில்லாத உரிமை யாருக்கு இருக்கு? கேட்டா கேளு, கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன்.

நீ இருக்குறது அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டி. ஓட்டம் நடக்குறது எம்போரியாவுல. காருல போனா ரெண்டு மணி நேரந்தான், அதையும் சைக்கிள்லயே போறேன்னு கெளம்பிராத. 2006ல 34 பேரு சேந்து தொடங்குன ஓட்டமாம். இன்னைக்கு அன்பவுண்ட் கிராவல்னு பேரு மாத்தி, ஆயிரக்கணக்குல ஆளு வந்து எறங்குதாம். 25, 50, 100, 200, 350 மைலுன்னு பிரிச்சு வச்சிருக்காக. அதுல நீ நூறு மைலுக்குப் பேரு குடுக்கப் போறியாமே? நூறு மைலுன்னா 160 கிலோமீட்டரு. கோவில்பட்டியில இருந்து மதுர போயி, திரும்பி விருதுநகரையும் தாண்டி வாரதுக்குச் சமம். அம்புட்டுத் தூரமும் கல்லு. நீ கடைசியா சைக்கிள் மிதிச்சது பிளஸ் டூ டியூசனுக்கு. அதுலயும் பாதி நாளு பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கொடத்து வாசலோட வண்டி நின்னுரும்னு ஊருக்கே தெரியும்.

அந்த பூமியப் பத்தியும் விசாரிச்சேன். பிளின்ட் ஹில்ஸ்ங்காக. மேல கொஞ்சூண்டு மண்ணு, கீழ சுண்ணாம்புப் பாறை, அதுக்குள்ள சக்கிமுக்கிக் கல்லு. ஏரு எறங்காத நெலம். அதனாலதான் ஒழவுக்கு ஆகாதுன்னு மாட்டுக்கு மேய்ச்சலா விட்டுட்டாக. அந்தக் காலத்து ஒசரப்புல்லு காடு அமெரிக்காவுல மிச்சம் கெடக்குறதுல பெரும்பங்கு அங்கதானாம். சக்கிமுக்கிக் கல்லு எதுக்கு ஆகும்னு ஒனக்குத் தெரியும்லா? ஆதி மனுசன் தோலைக் கிழிக்கக் கத்தி செஞ்ச கல்லு அது. ஒன் டயரக் கிழிக்கணும்னா கூச்சப்படுமா?

டயருன்னதும் ஞாபகம் வருது. புதுசா வாங்குன கார்பன் சைக்கிளு ஒம்பது கிலோதான்னு போட்டோ அனுப்புனியே, அதுல டயரு 40 மில்லின்னு போட்டிருந்துச்சு. நம்ம பால்காரரு ஓட்டுன ஹெர்குலிஸ் டயரப் பாத்திருக்கியா? 28 x 1½ன்னு எழுதியிருக்கும். ஒண்ணரை இஞ்சுன்னா 38 மில்லி. நடுவுல பந்தயக்காரங்க எல்லாம் டயரு ஒல்லியானாத்தான் வேகம்னு 23 மில்லிக்கும் கீழ எளச்சுப் பாத்தாக. இப்ப கல்லு ரோட்டுக்கு வந்தப்பெறகு அகலந்தான் நல்லதுன்னு பால்காரரு டயருக்கே வந்து சேந்துட்டாக. அவரு அதுல ரெண்டு கேனு பாலையும் தொங்கவிட்டுக்கிட்டு, பீடியும் குடிச்சிக்கிட்டு வருவாரு. ஒனக்கு ஒரு தண்ணிப் பாட்டிலு.

காத்தடிக்கிறதுல மட்டும் பெரிய மனுசத்தனம் காட்டாத. தார் ரோட்டுக்கு அடிக்கிற மாதிரி கல்லாட்டம் அடிச்சு வச்சா, ஒவ்வொரு கல்லும் ஒன்னையத் தூக்கித் தூக்கிப் போடும். எறக்கி வையி. ஒன் எடைக்கு முப்பத்தஞ்சு பி.எஸ்.ஐ.ல தொடங்கி, ஓட்டிப் பாத்துக் கூட்டிக் கொறச்சுக்கோ. ரொம்ப எறக்கிட்டா ரிம்மு கல்லுல இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டா கொஞ்சம் ஏத்திக்கோ. இதுக்குப் புஸ்தகம் வேண்டாம், காது போதும்.

ஒன் டயருல டியூபே கெடையாதாமே. உள்ள வெள்ளையா ஒரு பாலு ஊத்தியிருக்காம். கன்னியாகுமரிப் பக்கம் மரத்தக் கீறி எடுக்குறாகளே, அந்த ரப்பர் பாலுதான் பெரும்பாலும். சின்ன ஓட்டை விழுந்தா அதுவே ஓடி வந்து அடச்சிருமாம். கெட்டிக்காரத்தனந்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தப் பாலு சில மாசத்துலயே காஞ்சு போகும், பாத்து ஊத்தணும். சக்கிமுக்கிக் கல்லு டயரோட பக்கவாட்டுல ஒரு கீறு போட்டுச்சுன்னா எந்தப் பாலும் நிக்காது. அப்ப பழைய வித்தைதான். டயரக் கழத்தி, கிழிஞ்ச எடத்துக்கு உள்பக்கமா ஒரு பழைய டயர்த்துண்ட வச்சு, டியூபப் போட்டு, காத்தடிச்சுக் கெளம்பணும்.

அதனால பந்தயத்துக்கு முந்தி பஞ்சரு ஒட்டப் படி. வீட்டுக்குள்ள ஒரு பேசின்ல தண்ணிய ஊத்தி, டியூபுல காத்தடிச்சு, ஒரு பக்கத்துல இருந்து முக்கிக்கிட்டே வா. எங்க இருந்து முட்டை கெளம்புதோ அந்த எடத்துல வெரல வச்சுக்கோ. தொடச்சுட்டு, உப்புத்தாளப் போட்டுத் தேயி. சொல்யூசனத் தடவு. தடவுனதும் ஒட்டாத, இதுலதான் அவசரக்காரன் தோப்பான். ஈரம் போயி, தொட்டா வெரல்ல ஒட்டாத பக்குவம் வாரவரைக்கும் பொறு. அதுக்கு மேல பட்டைய வச்சு அமுக்கு. நெதானம் பழகுறதும் இப்பிடித்தான்.

ஏன் இம்புட்டுத் தூரம் சொல்லுதேன்னா, அந்த ஓட்டத்துல ஒரு செக்பாயிண்டுக்கும் அடுத்த செக்பாயிண்டுக்கும் நடுவுல வெளியாளு ஒதவி கூடாது. போன் போட்டு ஆளக் கூப்புடுற பழக்கமெல்லாம் ஆபீசோட. இந்த விதியும் அவங்க புதுசாக் கண்டுபிடிச்சதில்ல. பிரான்சுல 1913ஆம் வருசத்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்துல எஜேன் கிறிஸ்டோஃப்னு ஒருத்தரு. மலைய விட்டு எறங்குறப்ப முன் ஃபோர்க்கு ஒடிஞ்சு போச்சு. சைக்கிளத் தோள்ல போட்டுக்கிட்டு மைலுக்கணக்கா நடந்து, ஒரு கொல்லம்பட்டறைக்குப் போயி, அவரு கையாலயே மணிக்கணக்கா அடிச்சுச் சரி பண்ணுனாரு. பட்டறையில துருத்தி ஊத ஒரு சின்னப் பய ஒதவி பண்ணிட்டானாம். அதுக்கும் அவரு நேரத்துல நிமிசத்தக் கூட்டித் தண்டன போட்டாக. அன்னைக்கு அவுக ஓட்டுனதும் பெரும்பாலும் மண்ணு ரோடும் கல்லு ரோடுந்தான், மருமவனே. உலகத்துல மொதல்ல வந்த சைக்கிள் எல்லாமே ஒன் கிராவல் சைக்கிள்தான். பேருதான் புதுசு, வெலதான் புதுசு.

இனி ஒடம்புக்கு வாரேன். நாப்பது தாண்டுன ஆளு நீ. நம்ம வீட்டுல சுகரும் பிரஷரும் சொத்தோட சேந்தே வாரது. மொதல்ல டாக்டரப் போயிப் பாரு. அவரு சரின்னு சொன்ன பெறகு சைக்கிள்ல ஏறு. ஏறி ஒக்காந்து, குதிகால பெடல்ல வையி. பெடலு கீழ போறப்ப காலு நேரா நீளணும், அதுதான் சீட்டு ஒசரம். பெறகு முன்பாதத்த வச்சு மிதிச்சா முட்டி லேசா மடங்கி நிக்கும். தரையில ரெண்டு காலும் ஊண்டணும்னு சீட்ட எறக்கி வைக்கிறவனுக்கு முட்டிவலி சீக்கிரம் வரும்.

பஞ்சு வச்ச டவுசரு வாங்கியிருக்கியாமே. வாங்குனது சரி. அதுக்கு உள்ள ஜட்டி போடக் கூடாது. சிரிக்காத, தையலு ஒரசி ஒரசித் தோலு உரிஞ்சு ஒக்கார முடியாமப் போயி, ஆபீசு மீட்டிங்ல நின்னுக்கிட்டே பேசுனவன் கதையெல்லாம் இருக்கு. அதுக்குன்னே தடவ ஒரு கிரீம் விக்குது, வாங்கித் தடவு. கௌரவம் பாக்குற எடம் அது இல்ல.

பயிற்சிக்குத் தைப் பொங்கலு முடிஞ்ச கையோட எறங்கு. ஓட்டம் மே கடைசியில, நம்ம கணக்குக்கு வைகாசி. நாலு மாசத்துக்கு மேல இருக்கு, போதும். தை மாசம் ஒங்க ஊருல பனி கொட்டும். வீட்டுக்குள்ளயே நின்ன எடத்துல மிதிக்கிற சாமான் ஒண்ணு இருக்காமே, அதுல மிதி. நகராத சைக்கிள்ல வேர்க்க விறுவிறுக்க ஓட்டுறவனப் பாத்துப் பொண்டாட்டி சிரிப்பா. சிரிச்சிட்டுப் போகட்டும். வாரத்துக்கு மூணு நாளு, நாலு நாளு போதும். அதுல ஒரு நாளு மட்டும் நீளமா ஓட்டு. வாராவாரம் பத்துல ஒரு பங்கு கூட்டு. மூணு வாரம் கூட்டுனா நாலாவது வாரம் கொற. ஓய்வெடுக்குறப்பத்தான் தொடை பலக்கும், ஓட்டுறப்ப இல்ல.

வேகம் எம்புட்டுன்னு கேப்ப. பக்கத்துல வாரவன்கிட்ட ஒரு பேச்சு முழுசாப் பேசி முடிக்கணும், மூச்சு எளைக்கக் கூடாது. பயிற்சியில பெரும்பகுதி அந்த வேகந்தான். பேச ஆளில்லைன்னா எனக்குப் போன் போடு. நான் ஒன்னையப் பேச விடமாட்டேன், அது வேற கத. வாரத்துல ஒரே ஒரு நாளு மேட்டுல மூச்சு வாங்க ஏறிக்கோ. ஆனா நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். மொத நாளே மூச்சுத் தெணற மிதிச்சு, ஸ்ட்ராவா ஆப்புல கோடு போட்ட மேப்ப ஏத்திட்டு, மறுநாளு மூவ் தைலத்தோட படுத்துக்கெடப்ப. லைக்கு எம்புட்டு விழுந்தாலும் தொடையில ஏறாது மருமவனே.

சாப்பாட்ட எடுத்துக்கோ. அங்க நெறையப் பேரு விழுறது காலு ஓஞ்சு இல்ல, வயிறு காஞ்சு. ஒடம்புல சேத்து வச்ச சக்கர ரெண்டு மணி நேரத்து மிதிக்குத்தான் காணும். பசி எடுத்த பெறகு திங்குறவன் அங்க தோத்தவன். ஏறி அரை மணி நேரத்துல தொடங்கிரு. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, ஒரு வாழைப்பழத்துல 25 கிராம் சொச்சம், கணக்கு நீயே போடு. ஒங்கம்மா கோவில்பட்டி கடலமிட்டாயி பார்சல் கட்டுறா. 2020ல புவிசார் குறியீடு வாங்குன சாமான், கொறச்சலா நெனைக்காத. ஆனா கடலையில கொழுப்பு உண்டு, செரிக்க நேரமாகும். அதனால மெதுவா ஓட்டுற மொத மணி நேரத்துல அதத் தின்னு, ஒங்க ஊரு ஜெல்லுப் பசையப் பின்னாடி வச்சுக்கோ. தண்ணியும் உப்பும் மணிக்கு அரை லிட்டருக்குக் கொறையாம. முக்கியமா ஒண்ணு, பந்தயத்துல திங்கப் போறத எல்லாம் பயிற்சியிலயே தின்னு பழகு. புதுச் சாப்பாட்ட அன்னைக்குத்தான் வயித்துக்குக் காட்டுவேன்னா, அது புல்லுக்காட்டுக்குள்ள ஒன்னைய ஓட விடும், சைக்கிள் இல்லாம.

மழை பேஞ்சா? 2023ல பேஞ்சிருக்கு. தொடக்கத்துலயே சேறு. பெரிய பெரிய சூரனெல்லாம் சைக்கிளத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்தானாம். அடச்ச சேத்த வழிக்கப் பெயின்ட் கலக்குற பட்டைக் குச்சியச் சட்டைப் பையில வச்சிருந்தானாம். அதக் கேட்டதும் எனக்கு மனசு குளுந்து போச்சு. கரிசக்காட்டுக்காரனுக்கு இதென்ன புதுசா? ஐப்பசி மழையில மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல களி அடச்சுச் சக்கரம் நின்னா, வேலியில ஒரு குச்சிய ஒடிச்சு நோண்டுறது நம்ம பெறவிப் பழக்கம். இதுல மட்டும் நீ அமெரிக்காக்காரனுக்குப் பாடம் எடுக்கலாம். அடச்ச பெறகு மிதிக்காத, பின்னாடி தொங்குற கியரு ஒடிஞ்சிரும். எறங்கு, தூக்கு, ஓரத்துப் புல்லுல நட.

ஓடுற கல்லுல ஹேண்டில்பார இறுக்கிப் பிடிக்காத, கையத் தளத்தி வையி, சக்கரம் தன் வழியத் தானே பாத்துக்கிடும். முன் பிரேக்க வெடுக்குன்னு பிடிக்காத. விழக் கூடாத கல்லையே பாத்துக்கிட்டு ஓட்டாத, பாத்த எடத்துக்குத்தான் வண்டி போகும். பள்ளிக்கொடத்து வாசல்ல நீ விழுந்ததும் அதனாலதான்.

கடைசியா என் தீர்ப்பு. பொழுது சாயுறதுக்குள்ள 200 மைல முடிச்சவனுக்குத் தனிப் பேரெல்லாம் உண்டாம், சூரியனோட பந்தயம்னு சொல்லுறாக. அதெல்லாம் பெறகு பாத்துக்கலாம். மொத வருசம் அம்பது மைலு, 80 கிலோமீட்டரு, கல்லுல அஞ்சு மணி நேர மிதி. அதுவே ஒனக்கு மதுர வீரன் பட்டம் குடுக்கப் போதும். அத முடிச்சுட்டு, சோத்த ஒன் கையால அள்ளித் திங்குற தெம்போட நீ ஒக்காந்திருந்தா ஜெயிச்சிட்டன்னு அர்த்தம். நூறு மைலு எங்கயும் ஓடிப் போகாது, அந்தக் கல்ல அள்ளிட்டுப் போக அங்க நம்மூருக் காண்ட்ராக்டரும் கெடையாது. பேரு குடுக்குற எடத்துல ஐம்பதுன்னே எழுது.