வழிகாட்டியோடு உண்டு நடத்தல் தகுமா? மதுரை மாசி வீதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

காசு கொடுத்து ஒருவர் பின்னால் தெருத்தெருவாகத் தின்றுகொண்டே போவது தகுமா என்பதே ஆய்வுச் சிக்கல். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி எனச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் இருப்பதால், வழி தவறியவரும் சுற்றிச் சுற்றி ஏதாவதொரு கடையை அடைவர் என்க (காண்க: இவ்வாக்கியம்). ஆகவே, வழி காட்டுவதற்கு வழிகாட்டி வேண்டியதில்லை.

உண்பார் மூவகையர். பசித்தோர்: இவர்களுக்கு வழிகாட்டி வேண்டாம். படமெடுப்போர்: இவர்களுக்கு உணவே வேண்டாம். ஏனையோர் இவ்வாய்வுக்கு உரியர்.

இனி வரிசைச் சிக்கல். ஜிகர்தண்டாவை முதலில் குடிப்பதா, கடைசியிலா? அதில் பாதாம் பிசின் உண்டு. சின்னக் கட்டி ஒன்றை இரவில் தண்ணீரில் போட்டால் விடிவதற்குள் கிண்ணத்தை நிறைத்துவிடும். தம்ளருக்கு வருமுன்பே பிசின் ஊறி முடிந்தது என்பர் ஒரு சாரார். வயிற்றிலும் ஊறும் என்பர் மறு சாரார். விளக்குத்தூண் அருகே ஒரு பெரிய தம்ளரை முடித்துவிட்டுச் சிம்மக்கல்லுக்குக் கறிதோசை தின்ன வந்த அன்பர் ஒருவரை இவ்வாய்வாளர் கண்டார். அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி; மாஸ்டர் புரட்டிப் போட்டு அழுத்த, ஓரமெல்லாம் எண்ணெய் பொரிந்தது. அன்பருக்கு ஒரு விள்ளலுக்கு மேல் இறங்கவில்லை. மறு சாரார் கூற்றே வலிது (காண்க: இதே ஆசிரியர், நான்கு வரிக்கு மேலே). “வர்ற வழியில ஜிகர்தண்டா குடிச்சீகளாண்ணே?” என்று மாஸ்டர் கேட்டதும் அகச்சான்று (காண்க: இதே ஆசிரியர், பில்லின் பின்புறக் குறிப்பு, அச்சாகாதது, பருத்திப்பால் சிந்தி இரண்டாம் வரி சிதைந்துள்ளது, ஓலைச்சுவடியாக இருந்திருந்தால் இச்சிதைவுக்கே ஒரு முனைவர் பட்டம் தேறும்).

தம்மைத் தாமே மேற்கோள் காட்டலாமோ எனின், காட்டலாம். மூத்த பேராசிரியர்கள் வேறெவரையும் காட்டுவதில்லை. ஜிகர்தண்டாவின் சொற்பிறப்பையும் ஆராய்ந்தால் கட்டுரைக்கு மதிப்புக் கூடும். அதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள்.

கடைப் பலகையை உரக்கப் படித்துக் காட்டுபவருக்குக் கூலி தண்டம். ஒரு ஜிகர்தண்டாவை நான்கு பேப்பர் கப்பில் பிரித்து, அடுத்த கடைக்கு வயிற்றில் இடம் வைப்பவருக்குக் கொடுக்கலாம். மற்றொரு சோதனையும் உண்டு. சாயங்காலம் பருத்திப்பால் வண்டியருகே வழிகாட்டியை முன்னே விட்டு நில்லுங்கள். வண்டிக்காரர் கேட்காமலே தம்ளர்களை வரிசையாக வைத்துச் சுக்கைத் தூக்கலாகப் போட்டால், கொடுத்த காசு தகும். “எத்தனை பேரு சார்?” என்றால், வழிகாட்டியும் உங்களைப்போல் ஊருக்குப் புதிது. அடுத்த கடை எதுவென்று வண்டிக்காரரிடமே விசாரித்துக்கொள்க. கட்டணம் ஒரு தம்ளர் பருத்திப்பால்.