உட்கார்ந்தாச்சா?

குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்ததும் விசாரணைக் கமிஷன் கூடிவிடும். "இன்னும் உட்காரலையா? எங்க பேரன் நாலாம் மாசமே உட்கார்ந்துட்டானே!" என்பார் பக்கத்து வீட்டு மாமி. அந்தப் பேரன் சுற்றிலும் தலையணை அண்டக் கொடுத்து வைத்த கொலுப் பொம்மை என்பது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானமில்லாமல் உட்கார 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை ஆகலாமாம். மாமிகளுக்குச் சுற்றறிக்கை போகவில்லை போலும்.

முதலில் கழுத்து நிற்க வேண்டும், பிறகு முதுகு. நடுவில் இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றி, முக்காலி மாதிரி ஓர் இருப்பு. கிலுகிலுப்பைக்கு ஆசைப்பட்டு ஒரு கையை எடுத்தால் தொபுக்கென்று சாய்வு. பக்கவாட்டில் கை ஊன்றித் தப்பிக்கும் சாமர்த்தியம் அப்புறம்தான் வரும்.

பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் செங்கீரை ஆடவும் சப்பாணி கொட்டவும் தனித்தனிப் பருவம் வைத்தார்கள். பக்கத்து வீட்டு ஒப்பீட்டுக்கு ஏனோ வைக்கவில்லை.

ஒரு மதியம், வீடே தூங்கும்போது, குழந்தை தானாக உட்கார்ந்துவிடும். செல்போனைத் தேடி எடுப்பதற்குள் சாய்ந்தும்விடும்.