வராத போனுக்கு வரவேற்பு வளைவு

அடுத்து வரப்போகும் ஐபோன் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரிகிறது. தசமப் புள்ளியோடு சொல்கிறான். கேமரா எந்தப் பக்கம் புடைத்திருக்கும், எத்தனை நிறம், அதில் எந்த நிறம் எந்த மாடலுக்குக் கிடையாது, எல்லாம் அத்துப்படி. அவன் தெருவில் விளக்கு என்றைக்கு எரியும் என்று கேட்டுப்பாருங்கள். தெரியாது. மாநகராட்சிக்கும் தெரியாது. தெருவிளக்கைப் பற்றி யாரும் லீக் விடுவதில்லை.

போனுக்கென்று தனிப் பஞ்சாங்கம் ஓடுகிறது. தை பிறந்ததும் வரைபடம் கசியும். பங்குனியில் பேக் கேஸ் தயாரிக்கும் சீனக் கம்பெனியின் அச்சு கசியும். வைகாசியில் டம்மி மாடல். ஆடியில் நிறம். ஆவணி முதல் வாரத்தில் விலை. ஆவணி முடிவதற்குள் போன் மேடையேறும். அப்போது தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கியிருக்காது. வாங்குவது ஒன்றுதான் பாக்கி. இத்தனை ஏற்பாடும் அதற்குத்தானே!

ஒரு காலத்தில் இந்த ரகசியத்துக்குக் கொஞ்சம் மானம் இருந்தது. 2010-இல் ஆப்பிள் பொறியாளர் ஒருவர், வெளிவராத ஐபோன் 4-ஐ கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் ஒரு பாரில் தொலைத்துவிட்டார். கிஸ்மோடோ என்ற இணைய இதழ் அதை 5,000 டாலர் கொடுத்து வாங்கிப் பிரித்துப் போட்டது. போலீஸ் வந்து அதன் ஆசிரியர் வீட்டுக் கதவை உடைத்துச் சோதனை போட்டது. இன்றைக்கு யாரும் எதையும் தொலைக்க வேண்டியதில்லை. தைவானில் மிங்-சி குவோ என்ற ஆய்வாளர் ஒரு வரி எழுதுகிறார். ப்ளூம்பெர்கின் மார்க் குர்மன் ஞாயிறுதோறும் ஒரு கடிதம் அனுப்புகிறார். அங்கே ஒரு வரி வந்தால் இங்கே பதினாறு நிமிட வீடியோ. முகப்பில் வாய் பிளந்த ஒரு முகம், பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி. அம்பு எதையும் காட்டாது. காட்ட அங்கே போன் இல்லை.

2025-இல் ஆரஞ்சு நிறம் வரும் என்று ஜூலையிலேயே தெரிந்துவிட்டது. செப்டம்பரில் வந்தது. விற்பனைக்கு விட்ட அன்று மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்துக் கடை வாசலில் விடிவதற்கு முன்பே கூட்டம். கூட்டத்தில் கைகலப்பு. காவலாளிகள் இழுத்துப் பிரித்தார்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்பது அந்தஸ்துக்குக் குறைச்சல் என்று வீட்டு வேலைக்காரம்மாவை அனுப்பும் வர்க்கம் இது.

ஊகம் முழுக்க எதைச் சேர்ப்பார்கள் என்பதில் நிற்கிறது. வரலாறோ எதைப் பிடுங்கினார்கள் என்பதில் இருக்கிறது.

2016. ஹெட்போன் ஓட்டையை அடைத்தார்கள். ஏன் என்று கேட்டால், துணிச்சல் என்றார் ஆப்பிளின் பில் ஷில்லர், மேடையில் நின்றுகொண்டு. பத்து ரூபாய்ப் பொருளைத் திருடுகிறவனுக்கு இருப்பதும் துணிச்சல்தான். அவனுக்கு மேடை கிடைப்பதில்லை. சாம்சங் விழுந்து விழுந்து சிரித்தது. கேலி விளம்பரம் எடுத்தது. 2019-இல் நோட் 10-இல் அதே ஓட்டையை அடைத்தது. விளம்பரங்கள் காணாமல் போயின.

2020. பெட்டிக்குள் இருந்த சார்ஜரை ஆப்பிள்காரர்கள் எடுத்தார்கள். பூமியைக் காப்பாற்றவாம். உங்களிடம் பழைய சார்ஜர் இருக்கிறதே, அதையே பயன்படுத்துங்கள் என்றார்கள். பெட்டியில் வைத்த கேபிளோ யூஎஸ்பி-சி முனை கொண்டது. பெரும்பாலோர் வீட்டிலிருந்த பழைய சார்ஜரில் அது நுழையாது. ஆகவே புது சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும். அது தனிப் பெட்டியில் வரும். பூமி பிழைத்துக்கொள்ளும். சாம்சங் மறுபடியும் சிரித்தது. எங்கள் பெட்டியில் சார்ஜர் உண்டு என்று பதிவு போட்டது. சில வாரத்தில் பதிவை அழித்தது. 2021 ஜனவரியில் எஸ் 21 வந்தது. சார்ஜர் வரவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைப் போன் பெட்டியைப் போல யாரும் சொன்னதில்லை.

இதில் நமக்கென்று ஒரு தனி வேடிக்கை உண்டு. 2014 நவம்பரில் மூடப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நினைவிருக்கும். அதை 2019-இல் சால்காம்ப் என்ற பின்லாந்து நிறுவனம் எடுப்பதாக டெல்லியில் அமைச்சரே அறிவித்தார். சால்காம்ப் என்ன செய்கிறது? சார்ஜர் செய்கிறது. யாருக்கு? ஆப்பிளுக்கும்தான். அறிவிப்பு வந்து ஒரு வருடம் ஆவதற்குள் பெட்டியில் சார்ஜர் கிடையாது என்றாகிவிட்டது. கண்ணெதிரே சார்ஜர் செய்யும் ஊரில் சார்ஜர் இல்லாத போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம்.

பிரேசில்காரன் வாயை மூடிக்கொண்டு வரவில்லை. 2022 செப்டம்பரில், ஐபோன் 14 அறிமுகத்துக்கு முந்தைய நாள், சார்ஜர் இல்லாமல் ஐபோன் விற்கக்கூடாது என்று அந்த நாட்டு நீதி அமைச்சகம் தடை போட்டு அபராதமும் விதித்தது. பழைய போன்களின் வேகத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரியைக் காப்பாற்றத்தான் என்றது. இத்தாலி 2018-இல் ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் அபராதம் போட்டது. பிரான்ஸ் 2020-இல் 2.5 கோடி யூரோ வாங்கியது. நாம் என்ன செய்தோம்? போன் மெதுவாகிவிட்டது என்று புதுப் போன் வாங்கினோம். எது வரப்போகிறது என்று லீக் பார்த்துத்தான் வாங்கினோம்.

வெறும் ரசிகர்கள்தான் ஊகத்தில் பிழைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். கம்பெனியே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டது. மூன்று சாதனங்களை ஒரே தட்டில் வைத்துச் சார்ஜ் செய்யலாம் என்று ஏர்பவரை 2017-இல் காட்டியது ஆப்பிள். 2019 மார்ச்சில் கைவிட்டோம் என்று ஒரு வரி. அதாவது பரவாயில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. 2024 ஜூனில் சிரி என்ற குரல் உதவியாளரின் புது அவதாரத்தைக் காட்டினார்கள். உங்கள் மெயிலைப் படிக்கும், அம்மாவின் விமானம் எப்போது என்று சொல்லும் என்றார்கள். நடிகையை வைத்து விளம்பரம் எடுத்தார்கள். செப்டம்பரில் ஐபோன் 16-ஐ விற்றார்கள். 2025 மார்ச்சில், அந்தப் புது சிரி தாமதமாகும் என்றார்கள். விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். காசை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. யூடியூபர் சொன்னால் வதந்தி. கம்பெனி சொன்னால் தொலைநோக்கு.

நம் நாடும் சளைத்ததல்ல. 2016 பிப்ரவரியில் நொய்டாவின் ரிங்கிங் பெல்ஸ் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்றது. பெயர் ஃப்ரீடம் 251. பா.ஜ.க. மூத்த தலைவர் முரளி மனோகர் ஜோஷி விழாவுக்கு வந்திருந்தார். மேசையில் இருந்த மாதிரி போனில் ஆட்காம் என்ற வேறொரு கம்பெனியின் பெயரை வெள்ளை மையால் அழித்திருந்தார்கள். பரீட்சைத் தாளில் தப்பை மறைக்கும் அதே வெள்ளை மை. சுரண்டினால் போதும், லீக். கோடிக்கணக்கானோர் பதிவு செய்தார்கள் என்று கம்பெனியே பெருமையடித்துக்கொண்டது. இணையதளம் முதல் நாளே படுத்தது. மறு வருடம் அதன் இயக்குநர் மோசடிப் புகாரில் கைதானார்.

மெகாபிக்சல் ஊகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. 200 மெகாபிக்சல் என்று குதிக்கிறோம். அந்த கேமரா பதினாறு பிக்சலை ஒன்றாகக் குழைத்து வழக்கமாகத் தருவது 12 மெகாபிக்சல் படம். அதையும் வாட்ஸ்ஆப்பில் தள்ளிவிடுகிறோம். அது இன்னும் நசுக்கி, பெரியப்பாவின் காலை வணக்கம் ரோஜாவுக்குக் கீழே கொண்டுபோய் வைக்கிறது.

விலையைப் பற்றிய ஊகம் மட்டும் சீக்கிரம் முடிந்துவிடும். எவ்வளவானால் என்ன, தவணை இருக்கிறதே. வட்டியில்லாத் தவணை. வட்டியே இல்லாத கடன் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது என்று 2013-இலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. பூஜ்ய சதவீதம் என்ற பெயர் போனது, நோ-காஸ்ட் இ.எம்.ஐ. என்ற பெயர் வந்தது. வங்கி வட்டி போடும். கடை அதைத் தள்ளுபடி என்று கழிக்கும். அந்த வட்டிமேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீங்கள் கட்டுவீர்கள். இல்லாத வட்டிக்கு இருக்கிற வரி. தவணை முடிவதற்குள் அடுத்த போனின் நிறம் கசிந்துவிடும்.

சரி, எது கசியவில்லை? இந்த போன் பேட்டரியை மூன்று வருடம் கழித்து மாற்ற எவ்வளவு? உதிரி பாகம் எத்தனை வருடம் கிடைக்கும்? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருக்கும் பையன் பிரித்து மாட்டினால் திரையில் எச்சரிக்கை வருமா? பதினாறு நிமிட வீடியோவில் இதற்குப் பதினாறு விநாடி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விதி வந்துவிட்டது. விற்பனை நின்றபிறகும் ஏழு வருடம் உதிரி பாகம் கொடுத்தாக வேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். யூஎஸ்பி-சி ஐபோனுக்கு வருமா வராதா என்று வருடக்கணக்கில் ஊகித்தார்களே, அதைக் கொண்டுவந்ததும் ஐரோப்பாவின் சட்டம்தான். நம் ஒன்றிய அரசு 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது. அதே வருட டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது. குழுவும் இணையதளமும் உள்ள நாட்டுக்குச் சட்டம் எதற்கு?

கசியாத இன்னொன்று இருக்கிறது. அது கலிபோர்னியாவிலும் இல்லை, தைவானிலும் இல்லை. சென்னையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கிறது.

2021 டிசம்பர். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் சாப்பிட்டார்கள். 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் கேட்டார்கள். ஒழுங்கான பதில் இல்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. பொய்தான். ஆனால் பதில் இல்லாத இடத்தில்தானே வதந்தி முளைக்கும். ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியில் வந்து சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. வதந்தி பரப்பியதாக யூடியூபர் ஒருவர் கைதானார். கவனியுங்கள். போனைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னால் விளம்பர வருமானம். போன் பூட்டும் பெண்ணைப் பற்றிச் சொன்னால் காவல் நிலையம்.

ஆலையை மூடினார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கண்டுபிடித்தது. ஒரு புள்ளி தூசி நுழைந்தாலும் கண்டுபிடிக்கிற கம்பெனி. பெண்கள் தரையில் படுத்திருந்ததைக் கண்டுபிடிக்க நெடுஞ்சாலை மறியல் தேவைப்பட்டது. 2022 ஜனவரியில் ஆலை திறந்தது. 2024-இல், கல்யாணமான பெண்களை அங்கே வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. கம்பெனி மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே வருட ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல காரியம். கட்டியது அரசின் சிப்காட். செலவு 706.50 கோடி. போனில் லாபம் யாருக்கு என்று தெரியும். கட்டிலுக்குப் பொறுப்பு யாருடையது என்றும் இப்போது தெரிகிறது.

2022 செப்டம்பரில் ஐபோன் 14 இங்கேயே தயாராகிறது என்ற செய்தி வந்தபோது நம் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தியாவில் செய்கிறார்கள், இனி விலை குறையும் என்று ஊகித்தார்கள். அந்தப் பெண்களின் கூலி கூடுமா என்று ஒருவரும் ஊகிக்கவில்லை. ஐபோன் 13 இங்கே வந்தபோது ஆரம்ப விலை 79,900 ரூபாய். 14-க்கும் 79,900. 15-க்கும் 79,900. 16-க்கும் 79,900. அமெரிக்காவில் அந்த 14-இன் விலை 799 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 65,000 ரூபாய். ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய போன் ஸ்ரீபெரும்புதூர்க்காரருக்குத்தான் விலை அதிகம்.